அத்தியாயம் 6: பகலில் வல்லூறு, இரவில் ஆந்தை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்துக்கு மேலே ஒரு நீண்ட மேடு இருக்கிறது. அதன் பெயர் ஹாக் ரிட்ஜ். மேட்டில் ஏறி நின்றால் கீழே சுப்பீரியர் ஏரி விரிந்து கிடக்கும். 2003 செப்டம்பர் 15 அன்று அங்கே நின்று வானத்தைக் கணக்கெடுத்தவர்கள் ஒரே பகலில் 1,01,698 அகலச்சிறகுப் பருந்துகளை எண்ணினார்கள். கழுத்து வலிக்க வலிக்க எண்ணியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அவ்வளவும் எண்ணப்பட்டவை, பிடிபட்டவை அல்ல. உயரத்தில் போகும் பருந்து குஞ்சா கிழமா, பசியோடு போகிறதா, போன வருடமும் இதே வழியில் போனதா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பறவை கைக்கு வர வேண்டும்; காலில் எண் பொறித்த வளையம் ஏற வேண்டும்; பிறகு எங்கேயோ யாரோ அந்த எண்ணை மறுபடி படிக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த முதல் இரண்டு வேலைகளைப் பற்றியது. இரைபிடிக்கும் பறவையை வலையில் விழவைப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. வேட்டைக்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்ததுதான். விழுந்த நிமிடத்திலிருந்து திரும்பப் பறக்கும் நிமிடம்வரை அதற்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் வளையமிடுபவரின் தொழில் இருக்கிறது. வலையின் கண் அளவு முதல் தராசுவரை எல்லாமே அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

எங்கே, எப்போது

வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் ஏறிச் சிறகை அசைக்காமல் மைல் கணக்கில் மிதந்து போவது பருந்தின் பழக்கம். பெரிய நீர்ப்பரப்பின் மேல் அந்தக் காற்று கிடைக்காது. கனடாவிலிருந்து தெற்கே இறங்கும் பறவைகள் சுப்பீரியர் ஏரியைக் கண்டதும் அதைக் கடக்கத் தயங்கி, வடகரையை ஒட்டியே தென்மேற்காகத் திரும்புகின்றன. கரை முடிகிற மூலையில் இருப்பது டுலூத். அதனால்தான் அந்த நெரிசல்.

இதே காரணத்தால் நியூ ஜெர்சியின் கேப் மே முனையிலும் பறவைகள் குவிகின்றன. எதிரே டெலவேர் விரிகுடா. மிச்சிகனின் வொயிட்ஃபிஷ் பாயிண்ட் வசந்தத்தில் வடக்கே திரும்பும் ஆந்தைகளுக்குப் பேர்போனது. நெவாடாவின் கோஷூட் மலைத்தொடரில் நீர்த்தடை எதுவும் இல்லை. அங்கே மலை முகட்டில் மோதி மேலெழும் காற்றே பறவைகளை ஒரே வரிசையில் இழுத்துப் போகிறது. கலிஃபோர்னியாவில் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே உள்ள மரின் ஹெட்லேண்ட்ஸ் குன்றுகளும் இந்தப் பட்டியலில் உண்டு. இடம் தேடுபவர் முதலில் வரைபடத்தை விரித்து, பறவை எங்கே தயங்கும், எங்கே ஒதுங்கும் என்று பார்ப்பது நல்லது.

காலம் இனத்துக்கு இனம் மாறும். டுலூத்தில் அகலச்சிறகுப் பருந்து செப்டம்பர் நடுவில் கூட்டமாக வந்து சில நாட்களில் முடிந்துவிடும். ஷார்ப்-ஷின்டு வல்லூறு செப்டம்பரிலும் அக்டோபரிலும் வரும். செவ்வால் பருந்துக்கு அக்டோபர் பிற்பாதி. காஸ்ஹாக் எனும் பெரிய வல்லூறும் கழுகுகளும் குளிர் இறுகிய பிறகு, நவம்பரை ஒட்டித்தான் அதிகம் வரும். காஸ்ஹாக் எல்லா வருடமும் ஒரே மாதிரி வருவதில்லை. வடக்கில் பனிமுயலும் காட்டுக்கோழியும் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை சரிகின்றன. அப்போது காஸ்ஹாக் தெற்கே கொட்டுகிறது. 1972, 1982 ஆண்டுகளில் டுலூத்தில் அப்படிக் கொட்டியது.

நாள் தேர்வில் காலண்டரைவிட வானிலைக்கு மதிப்பு அதிகம். குளிர்க்காற்று முகப்பு கடந்துபோன மறுநாள், வடமேற்குக் காற்று வீசும்போது வலையை விரித்து வைத்திருப்பவருக்கு வேலை நிச்சயம். ஆந்தைக்கு வடக்குக் காற்று மெல்ல வீசும், மழையில்லாத, நிலவற்ற இரவு. முழுநிலவில் வலையை ஆந்தை பார்த்துவிடுகிறதா, பறப்பதே குறைகிறதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, வெளிச்ச இரவுகளில் வலை பெரும்பாலும் காலியாகவே தொங்குகிறது.

முதலில் தாள், பிறகு வலை

இந்த மேடுகளில் முன்பு துப்பாக்கிகள்தான் நின்றன. பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டனில் வலசை போகும் பருந்துகளைச் சுட்டுத் தள்ளுவது பொழுதுபோக்காக இருந்தது. ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934-ல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்துக் காவலர் போட்ட பிறகுதான் அங்கே சுடுவது நின்றது. அமெரிக்காவின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் 1918-லேயே வந்துவிட்டாலும், பருந்தும் வல்லூறும் ஆந்தையும் அதன் பாதுகாப்புக்குள் வந்தது 1972-ல், மெக்சிகோவுடனான ஒப்பந்தம் திருத்தப்பட்ட பிறகு.

இன்று அங்கே அனுமதியில்லாமல் ஒரு வல்லூறைப் பிடிப்பது குற்றம். மேரிலாந்தின் பட்டக்சென்டில் இருக்கும் பறவை வளைய ஆய்வகம் 1920 முதல் இந்த வேலையை ஒருங்கிணைக்கிறது. கனடாவுக்குத் தனி அலுவலகம் உண்டு. ஆனால் இரண்டு நாடுகளுக்கும் ஒரே வளைய வரிசை. விண்ணப்பதாரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எதற்காகப் பிடிக்கிறார் என்பதை ஆய்வுத் திட்டமாக எழுதித் தர வேண்டும். ஆசைக்காக அனுமதி கிடைக்காது. மிஸ்ட் வலை எனும் மெல்லிய இழை வலை, ரத்த மாதிரி, டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றுக்கும் அனுமதிச் சீட்டில் தனித்தனி ஒப்புதல் தேவை. மாநில அரசின் அனுமதி வேறு. கழுகு என்றால் இன்னும் கெடுபிடி.

புதியவர் நேராகத் தலைமை அனுமதிக்குப் போக முடியாது. அனுபவமுள்ள ஒருவரின் கீழ் துணை அனுமதியில் சில பருவங்கள் கழிக்க வேண்டும். முதல் பருவத்தில் பெரும்பாலும் குறிப்பெழுதுவது, வலைக்கம்பம் சுமப்பது, பறவையை அடக்கி வைக்கும் டப்பா கழுவுவது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு இலக்கம் தவறாக எழுதப்பட்டால் அந்தப் பறவை பிடிபட்டதே வீண் என்பதைக் குறிப்பெழுதும்போதுதான் மனம் உணர்கிறது.

பகல் வேலை: குடிலும் பார்வைப் புறாவும்

வல்லூறுக் குடில் என்பது மரப்பலகையால் அடித்த சிறு அறை. முன்பக்கம் கண் மட்டத்தில் ஒரு நீண்ட இடுக்கு. வெளியே திறந்த வெளி. அங்கே வில் வலைகள் ஒன்றிரண்டு, சுற்றிலும் பெரிய கண் மிஸ்ட் வலைகள். நடுவில் பார்வைப் புறா. வேட்டைப் பறவையை இழுப்பதற்காக நிறுத்தப்படும் இந்தப் புறாவுக்குத் தோலால் தைத்த சட்டை உண்டு. சட்டையிலிருந்து ஒரு கயிறு கம்பம் வழியாகக் குடிலுக்குள் வரும். தூரத்தில் வல்லூறு தெரிந்ததும் உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க, புறா சற்றே எழும்பிச் சிறகடிக்கும். அரை மைலுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த வல்லூறு சட்டென்று திரும்புவது அந்தச் சிறகடிப்பைப் பார்த்துத்தான்.

புறா, மைனா வகையைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங், வீட்டுச் சிட்டுக்குருவி மூன்றையும் பார்வையாக வைப்பதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. மூன்றும் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த இனங்கள். வலசைப் பறவைச் சட்டம் அவற்றைக் காப்பதில்லை. சட்டம் காக்காவிட்டாலும் வளையமிடுபவர் காக்க வேண்டும். பார்வைப் பறவைகளை முறை வைத்து மாற்றி, நிழலும் தண்ணீரும் தீனியும் கொடுத்து ஓய்வில் விடுவது நிலையத்தின் அன்றாட ஒழுங்கு. புறா அடிபடும் நிலையம் சரியாக நடத்தப்படாத நிலையம்.

வில் வலையில் இரண்டு அரைவட்டக் கம்பிகள். ஒன்று தரையில் பதிந்திருக்கும். மற்றது ஸ்பிரிங்கோடு மடங்கிக் கிடக்கும். விசையை இழுத்ததும் இரண்டாவது கம்பி வலையோடு வளைந்து வந்து மூடும். அந்தக் கம்பி வருகிற பாதையில் பறவையின் தலையோ சிறகோ இருந்தால் எலும்பு முறியும். எனவே வல்லூறு இறங்கிய உடனே இழுக்கக் கூடாது. வட்டத்தின் நடுவுக்குள் அது முழுதாக வந்து, சிறகை மடக்கும் நொடிவரை விரல் பொறுக்க வேண்டும். தப்பிப் போனால் போகட்டும். பின்னாலேயே இன்னொன்று வரும்.

வட அமெரிக்க நிலையங்களில் புழங்கும் இரண்டு கருவிகள் இந்தியாவின் பருந்தாட்டக்காரர்களிடமிருந்து போனவை. ஒன்று தோ-கஸா: இரண்டு கம்பங்களுக்கு நடுவே மெல்லிய வலையை இலேசான பிடியில் தொங்கவிடுவது. வல்லூறு மோதியதும் வலை பிடியை விட்டுக் கழன்று பறவையைப் பொட்டலமாகச் சுற்றிக்கொள்ளும். மற்றது பால்-சத்ரி: கம்பிவலைக் கூண்டுக்குள் ஓர் எலியோ குருவியோ இருக்க, கூண்டின் மேல் முழுக்க நைலான் இழைச் சுருக்குகள். இரையைப் பிடிக்கக் கால் வைத்ததும் விரல் சுருக்கில் மாட்டும். விஸ்கான்சினின் சீடர் குரோவ் நிலையத்தில் பணியாற்றிய டேனியல் பெர்கர், ஹெல்முட் மியூலர் இருவரும் 1959-ல் எழுதிய கட்டுரைதான் இதை அமெரிக்க வளையமிடுபவர்களிடையே பரப்பியது.

சாலையோர மின்கம்பியில் கெஸ்ட்ரல் எனும் சிறு வல்லூறோ செவ்வால் பருந்தோ உட்கார்ந்திருந்தால், மெதுவாக நகரும் காரிலிருந்து பால்-சத்ரியை ஓரத்தில் இறக்கிவிட்டுத் தள்ளிப் போய்க் காத்திருப்பது வழக்கம். இரண்டு விதிகள் மாறாதவை. பறவை தூக்கிக்கொண்டு பறந்துவிடாதபடி கூண்டுக்கு எடை கட்டியிருக்க வேண்டும். கூண்டு ஒரு நொடிகூடக் கண்ணை விட்டு மறையக் கூடாது.

இரவு வேலை: ஸா-வெட் ஆந்தை

வடக்கத்தி ஸா-வெட் ஆந்தை ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆண் சுமார் 75 கிராம், பெண் சுமார் 95. பகல் முழுக்க அடர்ந்த ஊசியிலை மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் போனாலும் யாரும் பார்ப்பதில்லை. தெற்குப் பகுதிகளில் இது அரிய பறவை என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் ஒலிபெருக்கி. ஆண் ஆந்தையின் கூவலை இரவெல்லாம் ஒலிக்கவிட்டால் வலையில் விழும் எண்ணிக்கை பன்மடங்காகிறது என்று விஸ்கான்சினின் லிட்டில் சுவாமிகோ நிலையத்தின் அனுபவம் காட்டியது. 1990-களில் ப்ராஜெக்ட் அவுல்நெட் என்ற கூட்டமைப்பு அதே முறையை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கச் சொல்லித் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இருக்கின்றன.

அமைப்பு எளிது. 12 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரமும் 60 மில்லிமீட்டர் கண்ணும் உள்ள மிஸ்ட் வலைகள், காட்டுக்குள் ஒரே வரிசையில். நடுவில் ஒலிபெருக்கி. அதிலிருந்து நொடிக்கு இரண்டு தடவை என்ற கணக்கில், ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு கூவல். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் வலையைத் திறந்து, குறைந்தது நான்கு மணி நேரம் வைத்திருப்பது வழக்கம். வலையின் கீழ் விளிம்பு தரையைத் தொடக் கூடாது; அடித்தட்டில் விழும் ஆந்தையின் எடையில் வலை தாழ்ந்தால் ஈரப்புல்லில் நனைந்துவிடும், கீரி போன்ற சிறு விலங்குக்கும் எட்டிவிடும். எல்லா இரவும் ஒரே எண்ணிக்கையில் வலை, ஒரே ஒலி, ஒரே நேரம். இதில் மாற்றம் வந்தால் இந்த வருடத்தைப் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.

வலையை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். குளிர் கூடினால் இன்னும் அடிக்கடி. ஆந்தை விழுந்திருக்கிறதா என்று நெற்றி விளக்கின் ஒளியில் தேடும்போது வலைப் பையின் அடியில் ஒரு கறுப்புக் கட்டி தெரியும். அதை நெருங்கியதும் அலகைச் சொடுக்கும் 'டக் டக்' ஓசை கேட்கும். அங்கேதான் பதற்றம் வரும். பதறிய காரியம் சிதறும்.

முதலில் பார்க்க வேண்டியது, பறவை வலையின் எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்பது. அந்தப் பக்கம் நின்றுதான் எடுக்க வேண்டும். இரண்டாவது, கால். ஆந்தை இழைகளைக் கொத்தாகப் பற்றியிருக்கும். விரல்களைப் பிரித்தெடுக்கப் பார்த்தால் பிடி இறுகும். காலை மெல்ல நீட்டிப் பிடித்தால், முழங்கால் நிமிர்ந்ததும் தசைநார் தளர்ந்து விரல்கள் தாமாகவே திறந்துகொள்ளும். அந்த நொடியில் இழைகளை நகத்திலிருந்து ஒவ்வொன்றாக வழித்துவிட்டு, இரண்டு கால்களையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளலாம். கால் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு வயிறு, சிறகு, கடைசியில் தலை. ஐந்து நிமிடத்தில் வராத பறவைக்கு இழையை வெட்டுவதில் தயக்கம் கூடாது. வலைக்கு விலை உண்டு, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

கூவலுக்கு ஸா-வெட் மட்டும் வருவதில்லை. பாரட் ஆந்தை அதைவிடப் பல மடங்கு பெரியது, ஸா-வெட்டைத் தின்னும். அதன் குரல் அருகில் கேட்டதும் ஒலிபெருக்கியை நிறுத்தி, உடனே வலைகளைப் பார்த்து, தேவையானால் அன்றைய இரவை அதோடு முடித்துவிட வேண்டும். பறக்கும் அணில் விழுந்தால் வலையைக் கடித்துக் கிழித்துவிட்டுப் போகும். கையையும் சேர்த்துக் கடிக்கும். மழைத் தூறல் தொடங்கினால் வலையைச் சுருட்டிக் கட்டிவிடுவது மட்டுமே வழி. நனைந்த சிறகோடு குளிரில் தொங்கும் சிறு பறவைக்கு நேரம் அதிகம் இருக்காது.

கையில் இருக்கும் நிமிடங்கள்

வல்லூறு நிலையங்களின் மேசையில் புதியவர் கண்ணில் முதலில் படுவது காலி டப்பாக்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் வந்த உருளை டப்பா ஷார்ப்-ஷின்டுக்கு. பெரிய பழச்சாறுத் தகர டப்பாக்களை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டியது செவ்வாலுக்கு. குளிர்பதன ஆரஞ்சுச் சாறு வரும் சின்ன அட்டை டப்பா ஸா-வெட்டுக்கு. காற்றுப் போக ஓட்டை போட்ட டப்பாவுக்குள் பறவையைத் தலை முன்னால் போகும்படி நுழைத்தால் இருட்டில் அடங்கிவிடும். சிறகு அடிக்காது, வால் இறகு முறியாது, கால் மட்டும் வெளியே வளையத்துக்குக் காத்திருக்கும். டப்பாவோடு சேர்த்தே தராசில் வைத்து, பிறகு டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இதைவிடச் சிறப்பாக வேலை செய்ததில்லை.

வளையத்தின் அளவு எழுத்திலும் எண்ணிலும் குறிக்கப்படும். ஷார்ப்-ஷின்டில் பெண் ஆணைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். அதனால் ஒரே இனமானாலும் ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 என்று அளவு மாறும். பெண்ணுக்கு ஆணின் வளையத்தை மாட்டினால் கால் இறுகும். மறுபுறம், பெரிய வளையம் பாதத்துக்கு வழுகி இறங்கி நடையைக் கெடுக்கும். சரியான வளையம் காலில் சுழலும், மேலும் கீழும் நகரும், ஆனால் மூட்டைத் தாண்டாது. பிளையரால் மூடிய பின் இரு முனையும் சேரும் கோட்டில் வெளிச்சம் தெரியக் கூடாது. இடைவெளி இருந்தால் நூலோ புல்லோ மாட்டும். பெரிய பருந்துகள் சாதாரண அலுமினிய வளையத்தை அலகால் திறந்துவிடும் என்பதால் மடிப்பு போட்டுப் பூட்டும் வளையமும், கழுகுக்கு ரிவெட் அடிக்கும் வளையமும் உண்டு.

எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் எழுதித் திருப்பிப் படிக்க வேண்டும்.

அடுத்தது வயது. ஷார்ப்-ஷின்டில் முதுகைப் பார்த்தாலே போதும்: பழுப்பு முதுகும் நீளக் கோடுகள் போட்ட மார்பும் இந்த வருடக் குஞ்சு, நீலச்சாம்பல் முதுகும் செம்பட்டைக் குறுக்குக் கோடுகளும் வளர்ந்தது. குஞ்சின் கண் மஞ்சள். வயது ஏற ஏற ஆரஞ்சாகிச் சிவக்கும்.

ஸா-வெட்டில் இந்த வசதி இல்லை. இலையுதிர் காலத்தில் குஞ்சும் தாயும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. அதற்கு வேண்டியது ஒரு சிறிய புற ஊதா விளக்கு. அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறகை விரித்து அதன் அடிப்பக்கத்தில் அந்த ஒளியைப் பாய்ச்சினால் இறகுகள் ரோஜா நிறத்தில் சுடர்விடும். போர்ஃபிரின் என்ற நிறமி செய்யும் வேலை இது. வெயில் பட்டுப் பட்டு இந்த நிறமி சிதைந்துவிடும் என்பதால் புதிய இறகு அடர்ந்து ஒளிரும்; பழையது வெளிறிக் கிடக்கும். கூட்டிலேயே எல்லா இறகையும் ஒரே நேரத்தில் வளர்த்த குஞ்சின் சிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீரான ரோஜா. இறகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்ட பறவையின் சிறகில் ரோஜாவும் வெளிறலும் மாறி மாறி வரும். எந்த இறகு எது என்று குறித்துக்கொண்டால் இரண்டாம் வருடமா, அதற்கும் மேலா என்றும் பிரிக்கலாம். குஞ்சுகளின் விகிதம் உயர்ந்திருந்தால் வடக்கே எலி பெருகி, ஆந்தைக் கூடுகள் நிறைந்த ஆண்டு என்று பொருள். 1995, 1999, 2007 ஆண்டுகளில் ஸா-வெட் பெருவெள்ளமாக வந்ததை இப்படித்தான் புரிந்துகொண்டார்கள்.

ஆணா பெண்ணா என்பதை எடையையும் சிறகு நீளத்தையும் சேர்த்துப் பட்டியலில் பார்த்துச் சொல்வார்கள். இடைப்பட்ட எடையில் விழும் பறவைக்கு 'தெரியவில்லை' என்று எழுதுவதே சரி. ஊகித்து எழுதிய ஒரு பதிவு தெரியாததை விடக் கெடுதல். வலையில் விழுவதில் பெரும்பாலானவை பெண்களாகவே இருக்கின்றன. ஆணின் கூவலைக் கேட்டு வருவதும் ஒரு காரணம்; ஆண்களில் பல வடக்கே தங்கிவிடுவது இன்னொன்று.

மார்பெலும்பைத் தடவி அதன் இருபுறமும் சதை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும், சிறகுக் குழியில் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் அரை நிமிட வேலை. தடித்த கையுறை போட்டால் இந்த நுணுக்கம் விரலுக்குத் தெரியாது. அதனால்தான் பலரும் வெறுங்கையோடு நகத்தின் ஆபத்தை ஏற்கிறார்கள். பெரிய கொம்பன் ஆந்தையைக் கையாளும்போது அந்தத் துணிச்சல் வேண்டாம். பறவைக் காய்ச்சல் பரவத் தொடங்கிய பிறகு டப்பாவையும் அளவுகோலையும் ஒவ்வொரு பறவைக்கும் இடையே கிருமிநாசினியால் துடைப்பது கட்டாயமாகிவிட்டது.

பறவை வாயைத் திறந்து இரைக்கிறது, கண்ணை மூடுகிறது, தலை தொங்குகிறது என்றால் அளவெடுப்பது அங்கேயே நிற்க வேண்டும். வளையம் போடாமலே விடலாம். பகல் பறவையைக் கையிலிருந்து நேராகக் காற்றில் விடலாம். ஆந்தைக்கு அப்படிக் கூடாது. அறை வெளிச்சத்தில் இருந்த கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் பிடிக்கும். வலைக்கும் ஒலிபெருக்கிக்கும் எதிர்த்திசையில், விளக்கை அணைத்துவிட்டு, கையிலோ கிளையிலோ உட்கார வைத்துக் காத்திருந்தால் அதுவே நேரம் பார்த்துப் போய்விடும்.

வளையம் திரும்பி வரும்போது

போட்ட வளையங்களில் மிகச் சிறு பங்கைத்தான் மறுபடி யாரும் பார்க்கிறார்கள். அந்தச் சிறு பங்கே பல பாடங்களைத் திருத்தியிருக்கிறது. வின்னிபெக்கில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற சார்லஸ் ப்ரோலி, ஏறத்தாழ 60 வயதில், 1939 முதல் ஃபுளோரிடாவின் உயர்ந்த மரங்களில் ஏறி வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டார். மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். ஃபுளோரிடாவில் பிறந்த கழுகு கோடையில் கனடாவரை வடக்கே போகிறது என்று அவர் வளையங்கள் காட்டின. 1940-களின் இறுதியில் கூடுகளில் குஞ்சே இல்லாமல் போவதைக் கண்டு முதலில் எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். ரேச்சல் கார்சன் 1962-ல் 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலில் டிடிடி பூச்சிக்கொல்லிக்கு எதிராக வாதாடியபோது ப்ரோலியின் கணக்கையும் ஹாக் மவுண்டன் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டார்.

ஆயுள் பற்றிய தகவலும் வளையத்திலிருந்தே கிடைக்கிறது. 1977-ல் நியூயார்க் மாநிலத்தில் வளையமிட்ட ஒரு வெண்தலைக் கழுகு 2015-ல் சாலையில் வாகனம் மோதி இறந்தபோது அதன் வயது 38. மிச்சிகனில் 1981-ல் வளையம் பெற்ற செவ்வால் பருந்து ஒன்று 2011-ல் அதே மாநிலத்தில் கிடைத்தது. குறைந்தது 30 வயது.

பாஸ்டனின் லோகன் விமான நிலையத்தில் பயன் வேறு மாதிரி. துருவத்திலிருந்து வரும் வெண்பனி ஆந்தைக்கு ஓடுபாதையின் வெட்டவெளி, டுண்ட்ரா நிலமாகத் தெரிகிறது. மாஸ் ஆடுபன் அமைப்பைச் சேர்ந்த நார்மன் ஸ்மித் 1981 முதல் அந்த ஆந்தைகளை வில் வலையில் பிடித்து, வளையமிட்டு, விமானங்களிலிருந்து தொலைவாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். நூற்றுக்கணக்கான ஆந்தைகளுக்கும் விமானங்களுக்கும் சேர்த்தே அது பாதுகாப்பு.

இப்போது வளையத்தோடு சிலவற்றுக்குச் சிறு ரேடியோ டிரான்ஸ்மிட்டரும் கட்டுகிறார்கள். மோட்டஸ் என்ற வலையமைப்பின் கோபுரங்களைப் பறவை கடக்கும்போது அதன் எண் தானாகப் பதிவாகும். மறுபடி பிடிக்கத் தேவையில்லை. கருவியின் எடை பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது பொதுவான வழக்கம். 75 கிராம் ஆந்தைக்கு அது இரண்டே கால் கிராம்.

தமிழ்நாட்டில் வளையமிட்ட பறவை கண்ணில் பட வாய்ப்பு அதிகமுள்ள இடம் கோடியக்கரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே நெடுங்காலமாகக் கரைப்பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அனுமதியின்றிக் காட்டுப் பறவையைப் பிடிக்கவே கூடாது; மேலே சொன்ன எந்தக் கருவியையும் வீட்டுத் தோட்டத்தில் சோதித்துப் பார்ப்பது சிறைக்கு வழி. ஆனால் வளையத்தைப் படித்துச் சொல்ல யாருக்கும் அனுமதி தேவையில்லை.

உயிரோடு இருக்கும் பறவையின் காலிலிருந்து வளையத்தைக் கழற்றக் கூடாது. ஜூம் கேமராவில் பல கோணத்தில் படமெடுத்தால் எண்களைச் சேர்த்துப் படித்துவிடலாம். இறந்து கிடந்தால் வளையத்தில் உள்ள எண்களையும் எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு, இடம், தேதி, எந்த நிலையில் கிடந்தது என்பதைச் சேர்த்து, வளையத்தில் பொறித்துள்ள அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இந்திய வளையமானால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்; அமெரிக்க வளையமானால் பறவை வளைய ஆய்வகத்தின் இணையதளம். எந்த இனம், எங்கே, எப்போது வளையமிட்டது என்ற விவரம் சொன்னவருக்குத் திரும்பி வரும். எண் தேய்ந்து படிக்க முடியாமல் போனாலும் வளையத்தை எறிந்துவிட வேண்டாம். தபாலில் அனுப்பினால், உலோகத்தை அமிலத்தில் அரித்து மறைந்த எண்ணை வெளியே கொண்டுவரும் முறை அமெரிக்க ஆய்வகத்தில் இருக்கிறது.